கல்லில் உள்ளதும் கட்டுரையில் உள்ளதும்

கோடை விடுமுறை தொடங்கும்போது, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பெற்றோருக்கும் ஒரு வேலை வந்து சேர்கிறது. உங்கள் மாநிலத்தின் வரலாற்றில் ஏதேனும் ஒன்றை ஆராய்ந்து கட்டுரை எழுதி வருக என்று பள்ளி ஆசிரியர் பணித்துவிடுகின்றார். பிள்ளை தந்தையைப் பார்க்கிறது. தந்தை கைபேசியைப் பார்க்கின்றார். கால் மணி நேரத்திற்குள் பத்துப் பக்கத்திற்கு வேண்டிய செய்திகள் குவிந்துவிடுகின்றன. அவற்றை நல்ல தாளில் எழுதிப் படங்களும் ஒட்டிவிட்டால் ஆராய்ச்சி முடிந்தது என்று மனநிறைவு கொள்கின்றனர். அச்செய்திகளைச் சொன்னவர் யார், அவருக்கு அவை எப்படித் தெரியும் என்று கேட்பவர் அரியர்.

தமிழகத்தில் இருக்கும் ஒரு பிள்ளை வரலாற்றைத் தவறாக எழுதினால், அதைத் திருத்துவதற்கு அண்டை வீட்டுப் பெரியவரேனும் இருப்பார். வெளி மாநிலத்தில் நம் பிள்ளையின் நிலை வேறு. அது வகுப்பில் எழுந்து நின்று சொல்வதே மற்ற நாற்பது பிள்ளைகளுக்கும் தமிழர் வரலாறு. அந்நாற்பதின்மருள் ஒருவன் எழுந்து, 'இது எங்கே எழுதியிருக்கிறது?' என்று வினவி, நம் பிள்ளை விடை தெரியாமல் விழிக்குமாயின், சொன்னவற்றுள் பொய்யானது மட்டுமா மதிப்பிழக்கும்? அதனருகே நின்ற மெய்யும் சேர்ந்தே மதிப்பிழக்கும். ஆதலின் ஆதாரங்களை நிறுத்துப் பார்க்கும் பழக்கம், வெளி மாநிலத் தமிழ் மாணாக்கருக்கு மதிப்பெண்ணைக் காட்டிலும் பெரிய தேவையாகிறது.

நாம் மத்திய அரசாங்க அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணி புரிந்துவருகிறோம். எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒரு கடிதமோ அறிக்கையோ மேசைக்கு வந்தவுடன், இது மூலமா, மொழிபெயர்ப்பா என்று முதலில் கேட்கவேண்டும். மொழிபெயர்ப்பாயின் மூலத்தைக் கொணரச் சொல்லவேண்டும். மூலத்தின் தேதி என்ன, கையொப்பம் யாருடையது, பின்னர் திருத்தம் ஏதேனும் வெளிவந்ததா என்பவற்றைப் பார்த்த பின்னரே பேனாவைத் திறக்கவேண்டும். இச்சட்டம் மாணாக்கரின் கட்டுரைக்கும் அப்படியே பொருந்தும். ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூர்க் கல்வெட்டைக் கேள்விப்படாத தமிழர் இன்று குறைவு. 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தலைநகரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதம மந்திரியின் உரையிலும் அது இடம்பெற்றது. ஆகவே பள்ளிக் கட்டுரைகளில் அதற்குத் தனி இடம் ஏற்பட்டிருப்பதில் வியப்பில்லை. அண்மையில் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்பு மாணாக்கி ஒருத்தி தன் கட்டுரையைக் கொண்டுவந்து, "மாமா, தமிழ்ப் பெயர்களெல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்" என்றாள். பெயர்கள் சரியாகவே இருந்தன. சோழர் காலத்தில் ஊரார் அனைவரும், ஆண் பெண் வேறுபாடின்றி, வாக்குச்சீட்டை இட்டுத் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தனர் என்று அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தாள். இதை எங்கே கண்டாய் அம்மா என்று கேட்டோம். இந்திச் சிறு நூல் ஒன்றையும், கைபேசியில் உறவினர் அனுப்பிய செய்தி ஒன்றையும் காட்டினாள்.

கல்லில் இருப்பது என்ன? முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ளன. ஒன்று அவனது பன்னிரண்டாம் ஆட்சியாண்டிலும் மற்றொன்று பதினான்காம் ஆட்சியாண்டிலும் பொறிக்கப்பட்டவை, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளை ஒட்டியவை எனக் கொள்வர். அவ்வூர் அக்காலத்தில் பிரமதேயமாக விளங்கிய ஒரு சதுர்வேதிமங்கலம். அதன் சபை, நிலமுடைய பிராமணர்களின் சபை. அச்சபையார் ஆண்டுதோறும் வாரியங்களுக்கு ஆட்களை எங்ஙனம் நியமிக்கவேண்டும் என்று வகுத்துக்கொண்ட விதிகளே இவ்விரு கல்வெட்டுகளின் பொருளாகும்.

இரண்டாவது கல்வெட்டின்படி ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும், தகுதியுடையாரின் பெயர்களை ஓலைகளில் எழுதவேண்டும். தகுதி யாது? கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம் உடையவராக இருத்தல் வேண்டும். தம் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருத்தல் வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருக்கவேண்டும். வேத நூற்பயிற்சி வேண்டும். கல்வி மிகுந்திருந்தால் அரைக்கால் வேலி நிலம் போதும் என்னும் சலுகையும் உண்டு. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வர இயலாது. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாது போனவர் பெயரை எழுதலாகாது. அவர் பெயரை மட்டுமன்று, அவருடைய மாமனார், மைத்துனர், மருமகன் முதலாக ஒரு நீண்ட உறவினர் பட்டியலையே கல் விலக்கி வைக்கிறது. இன்றைய தணிக்கை அதிகாரிகளும் இவ்வளவு தூரம் செல்வதில்லை!

ஓலைகளைக் குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவர். சபையார் பாலரும் முதியரும் உள்ளிட அனைவரும் கூடியிருக்க, ஊரிலுள்ள நம்பிமாருள் மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காண உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஒரு கட்டை எடுப்பித்து, அதனை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை வாங்குவர். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதனை ஏற்றுப் பெயரை வாசிப்பான். அங்கிருக்கும் நம்பிமாரும் அவ்வாறே வாசிப்பர். இப்படிக் குடும்புக்கு ஒருவராக முப்பது பேர் அமைவர். அவர்களுள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் உரியவராவர்.

இங்கே வாக்களிப்பு எங்கே உள்ளது? குடவோலையில் எழுதப்பட்டது, ஒருவர் விரும்பிய வேட்பாளரின் பெயரன்று. தகுதியுடையார் ஒவ்வொருவரின் பெயருமே. எடுத்தவன் விவரமறியாச் சிறுவன். எனவே இது திருவுளச்சீட்டு முறையேயன்றி வாக்கெடுப்பு முறையன்று. பெண்கள் பெயர் ஓலையில் எழுதப்பட்டதாகக் கல்லில் ஒரு சொல்லும் இல்லை. நிலமில்லாதாருக்கும் அக்குடத்தில் இடமில்லை. சொத்தோ கல்வியோ பாராமல் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்பது, 1950இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியல் சட்டத்தின் 326ஆம் பிரிவு வழங்கியது.

அப்படியாயின் அம்மாணாக்கியின் கட்டுரையில் வாக்குச்சீட்டு எப்படிப் புகுந்தது? மொழிபெயர்ப்பாளருக்கு இது மிகவும் சுவையான கதை. தமிழில் உள்ள குடவோலைக்கு ஆங்கிலத்தில் சிலர் 'பாலட்' என்னும் சொல்லை இட்டனர். அச்சொல் சிறு உருண்டை என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்தது; பண்டு அவ்வுருண்டைகளைக் கொண்டு மறைவாகக் கருத்தறிந்தனர். ஆங்கில வாசகர் இன்று 'பாலட்' என்றவுடன் தேர்தலையே நினைப்பார். ஆங்கிலத்திலிருந்து இந்திக்குச் செல்லும்போது அது 'மத்பத்ர' ஆகிவிடுகிறது. இந்தியிலிருந்து நம் பிள்ளை அதைத் தமிழாக்கும்போது 'வாக்குச்சீட்டு' என்று எழுதாமல் வேறென்ன எழுதும்? தமிழிற் பிறந்த ஒரு சொல் மூன்று மொழிகளைச் சுற்றித் தமிழுக்கே திரும்பி வரும்போது பொருள் முற்றும் மாறிவிட்டது. வழியில் ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. ஒவ்வொருவரும் தமக்கு முன்னிருந்த பிரதியை நம்பினர். எவரும் பின்னோக்கிச் சென்று பார்க்கவில்லை.

பின்னோக்கிச் செல்வது அவ்வளவு கடினமுமன்று. இக்கல்வெட்டுகள் 1898ஆம் ஆண்டுக் கல்வெட்டுப் பட்டியலில் முதலிரண்டு எண்களைப் பெற்றவை. தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் வெங்கையா அவர்கள் இவற்றை ஆராய்ந்து ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார்கள். பின்னர் நீலகண்ட சாஸ்திரியார், சோழர் வரலாறும் ஆட்சிமுறையும் பற்றி 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் வாயிலாக வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் இவற்றை மீண்டும் எடுத்து ஆராய்ந்தார்கள். தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு ஏழாம் வகுப்பிற்கென வெளியிட்டிருந்த வரலாற்றுப் பாடநூலொன்றிலும், நிலம், வீடு, வயது ஆகிய நிபந்தனைகள் சுருக்கமாகத் தரப்பட்டிருந்தன. கைபேசிச் செய்தியில் காணாமற்போன நிபந்தனைகள் பழைய பாடநூலிலேயே இருந்தன என்றால், தேடலை எங்கே தொடங்குவது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. எனினும் சுருக்கம் சுருக்கமே. வாரியத்துக்கு உரிய தகுதிகளைச் சபைக்கே உரிய தகுதிகளாக மாற்றிக் கூறும் சுருக்கங்களையும் நாம் கண்டிருக்கிறோம்.

இனி, கல்லையே பார்த்துவிட்டால் எல்லா ஐயமும் தீர்ந்ததாகுமா? ஆகாது. கல்லும் ஒரு சாட்சிதான். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். இக்கல்வெட்டைப் பொறித்தவர் சபையாரே. அவர்கள் எழுதிவைத்தது எப்படி நடக்கவேண்டும் என்னும் விதி. ஆண்டுதோறும் அப்படியே நடந்தது என்பதற்கான பதிவன்று. முதற் கல்வெட்டில் வயது எல்லை முப்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டதாக இருந்தது. இரண்டே ஆண்டுகளில் அது முப்பத்தைந்து, எழுபது என்று மாறியது. முதல் ஏற்பாட்டில் ஏதோ குறை தோன்றியிருக்கவேண்டும் என்று ஊகிக்கலாம். ஊகத்தை ஊகம் என்றே எழுதுவதில் மாணாக்கருக்கு இழுக்கில்லை. அன்றியும் இது ஒரு பிரமதேயத்தின் ஏற்பாடு. வேளாண் மக்களின் 'ஊர்' என்னும் அவையும், வணிகரின் 'நகரம்' என்னும் அவையும் அக்காலத்தில் வேறாக இருந்தன. ஓரிடத்துக் கல்லைக் கொண்டு சோழநாடு முழுவதும் இவ்வாறே இருந்தது என்று எழுதுதல், ஓர் அலுவலகத்தின் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு அரசாங்கம் முழுவதையும் வருணிப்பது போன்றது.

இத்தனை கழித்த பின்பும் எஞ்சுவது சிறிதன்று. கணக்குக் காட்டாதவனைப் பதவியினின்று விலக்கியது, மூன்றாண்டு இடைவெளி வகுத்தது, எல்லார் கண்முன்னும் ஓலையை எடுத்தது, ஒருவர் வாசித்ததை மற்றவரும் வாசித்துச் சரிபார்த்தது ஆகிய இவையனைத்தும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுத்தில் நின்றவை. எந்த வகுப்பில் எவர் எழுந்து கேட்டாலும் ஆதாரம் காட்டத்தக்க பெருமை இது. இல்லாத வாக்குச்சீட்டை இதன்மேல் ஏற்றுவானேன்?

பெருமைக்காகத் திரிந்த செய்தியை இதுவரை பார்த்தோம். சினத்தைக் கிளறுவதற்காகப் புனையப்பட்ட செய்தியும் உண்டு. அது தமிழருக்கு மட்டுமன்றி இந்தியர் அனைவருக்கும் வந்து சேர்கிறது. மெக்காலே பிரபு 1835ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி பிரிட்டிஷ் பார்லிமெண்டில் பேசியதாக ஒரு பகுதி நெடுங்காலமாகச் சுற்றிவருகிறது. இந்தியாவெங்கும் பயணம் செய்து ஒரு பிச்சைக்காரனையும் ஒரு திருடனையும் காணவில்லை என்றும், இந்நாட்டை அடிமைப்படுத்த இதன் பண்பாட்டின் முதுகெலும்பை முறிக்கவேண்டும் என்றும் அவர் கூறியதாக அதில் காணப்படும். நாற்காலியை விட்டு எழாமலே இதைச் சோதிக்கலாம். மெக்காலே 1834 ஜூன் மாதத்தில் சென்னையில் வந்து இறங்கினார். 1835 பிப்ரவரியில் அவர் இருந்தது கல்கத்தாவில். கல்கத்தாவில் இருப்பவர் அதே நாளில் லண்டன் பார்லிமெண்டில் எவ்வாறு பேசியிருக்க இயலும்?

ஆயினும் அத்தேதி வெறும் கற்பனையன்று. அதே பிப்ரவரி 2ஆம் தேதிதான், கவர்னர் ஜெனரலின் ஆலோசனைச் சபை உறுப்பினர் என்ற முறையில், அவர் புகழ்பெற்ற கல்விக் குறிப்பை எழுதிக் கையொப்பமிட்டார். போலிச் செய்தி புனைபவர் உண்மையான தேதி ஒன்றை இரவல் வாங்கிக்கொள்வது பழைய தந்திரம். தேதியைக் கண்டு படிப்பவர் அடங்கிவிடுகின்றனர். மெக்காலேயைக் கண்டிக்க விரும்பும் மாணாக்கருக்கு இப்புனைவு தேவையேயில்லை. கீழைநாட்டு நூல்களை அவர் எவ்வளவு இழிவாகக் கருதினார் என்பதை அந்த உண்மையான குறிப்பே போதிய அளவு கசப்புடன் தெரிவிக்கிறது. அது அச்சிலும் இணையத்திலும் முழுமையாகக் கிடைக்கிறது.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண் என்றதும் நமக்கு ஒரு பக்தி தோன்றிவிடுகிறது. 1961ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் 1,652 தாய்மொழிகள் பட்டியலிடப்பட்டன. அதைக் கொண்டு இந்தியாவில் 1,652 மொழிகள் உண்டென்று இன்றளவும் எழுதுகின்றனர். மக்கள் தம் தாய்மொழி என்று கூறிய பெயர்களை ஒழுங்குபடுத்திய எண் அது. அவற்றுட் பல ஒரே மொழியின் வேறு வழக்குகள். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் இது இன்னும் தெளிவாகும். மக்கள் கூறியபடி வந்த பெயர்கள் 19,569. அவற்றை ஆராய்ந்து வகைப்படுத்திய தாய்மொழிகள் 1,369. அவற்றைத் தொகுத்து மொழிகள் எனக் கொண்டவை 121. இம்மூன்றும் ஒரே அறிக்கையில் உள்ளவை, மூன்றும் மெய்யே. எதனை எண்ணினார்கள் என்று சொல்லாமல் ஓர் எண்ணை மட்டும் எடுத்தெழுதினால், மெய்யான எண்ணே பொய் சொல்லிவிடும். அக்கணக்கின்படி நாட்டில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியவர் 6,90,26,881 பேர். வெளி மாநிலத்து நம் பிள்ளைகளுட் பலர் அதில் அடக்கம். அவர்களுள் எத்துணைப் பேர் தமிழ் படிக்க வல்லவர் என்பதை அவ்வெண் கூறாது. மேலும் 2021இல் நடக்கவேண்டியிருந்த கணக்கெடுப்பு அவ்வாண்டில் நடைபெறாமையால், 2011 என்னும் ஆண்டைச் சேர்த்தே அதனை எழுதுதல் வேண்டும்.

கைபேசியை ஒழித்துவிடுக என்று நாம் கூற வரவில்லை. மேலே கூறிய அறிக்கைகளிற் பல இன்று அதன் வழியாகவே வீட்டிற்கு வந்துவிடுகின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்களின் பக்கங்களை அப்படியே படமாகக் காணலாம். ஆசிரியர் பெயரும் பதிப்பாண்டும் தாங்கிய அத்தகைய பக்கத்தையும், 'அனைவருக்கும் பகிருங்கள்' என்று முடியும் பெயரற்ற செய்தியையும் ஒரே தட்டில் வைக்கலாகாது என்பதே நம் கருத்து. கேட்டவுடன் விடை எழுதித்தரும் செயற்கை அறிவு இயந்திரங்களைப் பற்றியும் பெற்றோர் நம்மைக் கேட்கின்றனர். அவை சரளமாக எழுதுகின்றன. சில வேளைகளில், இல்லாத நூலுக்குப் பெயரும் ஆசிரியரும் பக்க எண்ணும் தந்துவிடுகின்றன. அவை கூறும் நூல் மெய்யாகவே உள்ளதா என்று நூலகப் பட்டியலிற் பார்த்த பின்னரே அப்பெயரைக் கட்டுரையில் எழுதுதல் தகும்.

நூலகங்களுக்கும் வெளி மாநிலத்தில் குறைவில்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகள் கொல்கத்தாவின் தேசிய நூலகத்திற்கும், சென்னை கன்னிமாரா நூலகத்திற்கும், மும்பையிலுள்ள மத்திய நூலகத்திற்கும் அனுப்பப்படவேண்டும்; தில்லிப் பொது நூலகம் பின்னர் இவற்றோடு சேர்ந்தது. தொல்லியல் துறையின் நடு நூலகமும் தேசிய ஆவணக் காப்பகமும் தலைநகரில் உள்ளன. மைசூரில் அத்துறையின் கல்வெட்டுப் பிரிவு இயங்குகிறது. இவற்றுட் சிலவற்றில் பள்ளிப் பிள்ளைகளை நேரே அனுமதிக்கமாட்டார்கள். ஆசிரியரின் கடிதத்துடன் பெற்றோர் ஒருவர் முன்கூட்டி எழுதிக் கேட்டுக்கொண்டு செல்வது நலம்.

அம்மாணாக்கி என்ன செய்தாள் என்று நேயர்கள் வினவலாம். 'வாக்குச்சீட்டு' என்னும் சொல்லை அடித்துவிட்டுக் 'குடவோலை' என்றே எழுதி, அதன் பொருளை நான்கு வரிகளில் விளக்கினாள். ஆண் பெண் வேறுபாடின்றி என்னும் வரியை நீக்கினாள். கட்டுரை இரண்டு பக்கம் குறைந்துவிட்டதே என்று அவள் தாயார் சற்று வருந்தினார்.

விடுமுறையில் ஊருக்குச் செல்வோர், காஞ்சிபுரத்திலிருந்தோ செங்கற்பட்டிலிருந்தோ பேருந்து ஏறி உத்தரமேரூருக்கே சென்று வரலாம். எழுத்துகளைத் தொட்டுத் தேய்க்காமல், காலை வெயில் சாய்வாக விழும் வேளையில் பார்த்தால் வரிகள் தெளிவாகத் தெரியும். வடசொற்களுக்குக் கிரந்த எழுத்தும் ஏனையவற்றுக்குத் தமிழ் எழுத்தும் வழங்கப்பட்டிருக்கும். ட, ப போன்ற எழுத்துகள் இன்றைய வடிவை ஒத்திருத்தலின் பிள்ளைகள் அவற்றை எளிதில் இனங்கண்டுகொள்வர். மெய்யெழுத்தின்மேல் புள்ளியைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அக்காலத்துக் கல்லெழுத்தில் புள்ளியிடும் வழக்கம் அரிது. அதை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிட்டால், சிறிது நேரத்தில் ஒரு சொல்லையேனும் அவர்களே படித்துவிடுவார்கள்.